கரை கட்டினால் வங்கதேச வெள்ளம் நிற்குமா?

கேள்வி: ஆண்டுதோறும் வெள்ளத்தில் தவிக்கும் வங்கதேசம், ஆறுகளின் இருபுறமும் உயரமான கரைகளை எழுப்பி இத்துன்பத்துக்கு ஏன் முடிவு கட்டவில்லை? (கல்லூரி மாணவி, திருவாரூர்)

பதில்: கரைகள் அங்கே ஏற்கெனவே ஏராளமாக உள்ளன. ஆனால், அந்நாட்டின் வழியே கடலில் கலக்கும் கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகளின் நீர்பிடிப்புப் பகுதியில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா ஆகிய நாடுகளில் இருப்பதால், அண்டை நாடுகளில் பெய்யும் மழைக்கும் வங்கதேசமே வடிகாலாக வேண்டியிருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் மேகாலயாவின் சிரபுஞ்சியில் ஒரே நாளில் 97 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மலையடிவாரத்திலுள்ள சில்ஹெட், சுனாம்கஞ்ச் மாவட்டங்கள் மூழ்கின. பொதுவாகப் பிரம்மபுத்திரா முதலிலும் கங்கை சற்றுப் பிந்தியும் உச்சத்தை எட்டும். அந்த இடைவெளி குறைந்து இரண்டும் சேர்ந்து வந்த 1998-ஆம் ஆண்டில், நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீருக்கடியில் போயிற்று. இமயமலைக் காடழிப்பே இதற்கெல்லாம் காரணம் எனப் பாடநூல்கள் சொல்வதுண்டு; இத்தகைய பெருமழையில் காடு தடுத்து நிறுத்தும் நீர் சொற்பமே என்பதால், அதை முதற்காரணமாகக் கொள்ள நான் தயங்குவேன்.

கரைகளின் சிக்கல் வண்டலில் இருக்கிறது. வயல்களில் பரவ வேண்டிய வண்டல் கரைகளுக்குள் அடைபட்டு ஆற்றின் படுகையை உயர்த்துகிறது. கரைக்கு அப்பால் ஊர்ப்பக்கம் பெய்த மழைநீரோ ஆற்றுக்கு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. குல்னா பகுதியில் கடல் ஓதத்தைத் தடுக்க எழுப்பிய கரைகளால் பீல் டாகாதியா என்ற தாழ்நிலம் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்தது. பொறுமையிழந்த ஊர்மக்கள், தேங்கிய நீர் வடியவும் வண்டல் படியவும் வேண்டி, 1990-இல் தாங்களே கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டார்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்ததும் மக்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார்களா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: நிலம் மிஞ்சியவர்கள் திரும்பலாம். அளவான வெள்ளம் வயலுக்கு ஈரத்தையும் ஊருக்கு மீனையும் தரும் என்பதால், அங்குள்ள உழவர்கள் அதை வெறுப்பதும் இல்லை. ஆனால் சிராஜ்கஞ்ச் போன்ற இடங்களில் யமுனை (பிரம்மபுத்திராவுக்கு அங்கே வழங்கும் பெயர்) கரையையே அரித்து நிலத்தை விழுங்கிவிடுகிறது. அரிப்பு நெருங்கும்போது, மக்கள் வீட்டின் தகரக் கூரையையும் தகரச் சுவர்களையும் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு வேறிடம் தேடிச் செல்கிறார்கள். அவர்களுள் பலர் இறுதியில் டாக்காவின் குடிசைப் பகுதிகளை வந்தடைகிறார்கள்.

அரிசி விலையும் பெரிய கவலையே. 1974-ஆம் ஆண்டு வெள்ளத்தில் வயல்வேலை இல்லாமற்போய், விலையும் ஏறியதால் பஞ்சம் மூண்டது. அதைவிடப் பெரிய 1998 வெள்ளத்திலோ, தனியார் வணிகர்கள் இந்தியாவிலிருந்து அரிசியைத் தாராளமாக இறக்குமதி செய்ய அரசு வழிவிட்டிருந்ததால், விலை எல்லை மீறவில்லை. எனினும், அந்த அரிசியை வாங்குவதற்காக ஏழைக் குடும்பங்கள் பட்ட கடன், ஓராண்டு கழிந்த பின்னும் முழுவதுமாகத் தீரவில்லை.