அந்த மூன்று நாள் பால்

கேள்வி: சித்தப்பா காலமான பிறகு சின்னம்மா ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துப் பிழைக்கிறார். அது ராத்திரி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, முப்பது நாள் ஆன எங்கள் தீவனச் சோளத்தில் பத்து சென்ட்டை மேய்ந்துவிட்டது. பிடித்து மூன்று நாள் எங்கள் கட்டுத்தறியில் கட்டினோம். பால் வீணாகக் கூடாதென்று கறந்துகொண்டோம். பிரசிடென்ட் சொன்னதால் நேற்று அவிழ்த்துவிட்டோம். 15,000 ரூபாய் கேட்டால் தர மறுக்கிறார். போலீசுக்குப் போகலாமா?
— பெயர் வேண்டாம், தாராபுரம் பக்கம்

பதில்: "கறந்துகொண்டோம்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். அந்த மூன்று நாளும் கன்றுக்குட்டி எதைக் குடித்தது? கடிதத்தில் கன்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கன்றின் வயிற்றுப் பாலும், ஒரு விதவையின் பால் சொசைட்டிக் காசும்தான் உங்கள் செம்பில் நிறைந்தன. சித்தப்பா இல்லாத வீட்டுக்கு முன்னால் நின்று பேச வேண்டிய அண்ணன் மகன் செய்கிற வேலையா இது?

போலீசுக்குப் போனால் முதலில் மாட்டிக்கொள்வது நீங்கள். 1871-ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை அழிக்கும் மாட்டை நிலத்துக்காரர் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டிக்கு, அனுப்பியாக வேண்டும். வீட்டில் கட்டிவைத்துப் பணம் பேச அதில் இடமில்லை. பிடித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் சின்னம்மா மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பவுண்டு இல்லாத ஊர் என்றால், அன்றைக்கே மாட்டுக்காரரையும் ஊராட்சியையும் கூப்பிட்டுக் காட்டி, மாட்டை ஒப்படைத்துவிடுவதே பத்திரம்.

இன்னொன்று, இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு. தண்ணீர் காணாமல் வாடிய பயிரில் அது இன்னும் அதிகம். மேய்ந்த மாடு சில நிமிஷத்திலேயே மூச்சுத் திணறி விழலாம். பிழைத்தது உங்கள் நல்ல நேரம். உங்கள் கட்டுத்தறியில் விழுந்திருந்தால், விஷம் வைத்துவிட்டீர்கள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். கால்நடையைக் கொன்றால் ஐந்து வருஷம்வரை சிறை.

15,000 எப்படி வந்தது? வயல் முழுதும் போனதுபோல் போட்ட கணக்கா? முப்பது நாள் சோளத்தில் நுனி கடிபட்ட தூர் திரும்ப வெடிக்கும். மிதிபட்டு வேரோடு சாய்ந்ததுதான் நஷ்டம். இன்றே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் என்கிற பயிர்க் கணக்கில் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து, இருவருக்கும் பொதுவான இரண்டு விவசாயிகளை வைத்து, மீட்டருக்கு மீட்டர் சதுரமாக ஐந்து இடத்தில் செத்த தூரையும் தழைத்த தூரையும் எண்ணுங்கள். செத்த பங்குக்கு விதை, உழவு, தண்ணீர், ஆள்கூலி மட்டும் கணக்கிடுங்கள். இனிமேல்தான் ஆகப்போகும் அறுப்புக்கூலியைச் சேர்க்கக் கூடாது. மறுதழைவில் நஞ்சு இன்னும் கூடுதல், பாதிக்கு மேல் பூக்கும்வரை உங்கள் மாட்டுக்கும் அறுத்துப் போடாதீர்கள்.

அந்தத் தொகையில் மூன்று நாள் பாலைச் சொசைட்டி விலையில் கழியுங்கள். மிச்சம் ஆயிரமோ இரண்டாயிரமோ, அதைத் தவணையில் வாங்கிக்கொள்வதாகப் பிரசிடென்ட் முன்னிலையில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூடவே, மாடு நுழைந்த இடத்தில் கிளுவை வேலி நட்டு, அது பிடிக்கும்வரை முள் அடைப்பது உங்கள் பொறுப்பு, முளைக்குச்சிக்குப் பதில் கல் நட்டுச் சங்கிலியில் கட்டுவது சின்னம்மா பொறுப்பு என்றும் எழுதுங்கள். அந்தக் கல்லை நட்டுக் கொடுக்க நீங்களே கடப்பாரையோடு போங்கள். சின்னம்மாவுக்கு வேறு ஆள் கிடையாது.