கப்பன் பார்க்கும் படுக்கையறையும்: கேள்வி பதில்

பெங்களூரில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. மரம், மழை, மண்ணோடு பழகினால் தாம்பத்தியத்திலும் மனம் நிதானப்படுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து, ஹார்மோன் கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்ட், ஆண், 34: தினமும் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போகிறது. மனைவி பக்கத்தில் இருந்தாலும் மனசு ஆபீஸ் மெயிலில்தான். பார்க்கில் நடந்தால் சரியாகும் என்கிறார்கள். எப்படி மேடம்?

பதற்றத்தில் இருக்கும் உடல் ஓடவோ சண்டை போடவோதான் தயாராக இருக்கும். ஆணின் விறைப்பு, பெண்ணின் ஈரம் இரண்டுக்கும் பெரும்பாலும் அதற்கு நேரெதிரான, ஓய்வுக்கான நரம்பு மண்டலம்தான் வழிவிடுகிறது. காட்டுக் குளியல் என்ற பழக்கத்துக்கு ஜப்பான் வனத்துறை 1982-இல் பெயர் வைத்தது. மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்தவர்களுக்கு நாடித்துடிப்பும், பதற்றத்தில் கூடும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் அளவும் இறங்குவதை அங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் மன அழுத்தம் குறைந்ததும் ஆசை தானாக வந்துவிடாது. கவனத்தைப் பழக்க வேண்டும்.

லால்பாக் பாறைக்குப் போங்கள். சுமார் 300 கோடி வருஷத்துக் கல் அது. போன் பையிலேயே இருக்கட்டும். பாறையில் உள்ளங்கையை வையுங்கள். சூடா, சொரசொரப்பா, எந்த இடத்தில் வழவழப்பு? மனசு மெயிலுக்குப் போகும், போகட்டும். போனதைத் தெரிந்துகொண்டு மறுபடி கைக்கு வாருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி.

அதையே வீட்டில் செய்யுங்கள். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் விளக்கிய முறை இது: ஒருவர் தொட, மற்றவர் வாங்கிக்கொள்வார்; பிறகு மாறிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு, உறவு அறவே கிடையாது. தோளின் சூடு, முதுகின் வழவழப்பு, இவ்வளவுதான் பாடம். 'சரியாகச் செய்கிறேனா' என்று தன்னையே தேர்வாளர் மாதிரி கவனித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தேர்வு ரத்தாகிவிடுகிறது. தடையை மீறி உறவுக்குத் தாவாதீர்கள், தாவினால் பரீட்சை பயம் திரும்ப வந்துவிடும்.

ஜெயநகர், பெண், 41: எனக்காக ஆசை வருவதே இல்லை. அவர் ஆரம்பித்த பிறகு சில நாள் பிடிக்கிறது. இது குறையா?

குறையே இல்லை. ரோஸ்மேரி பாசன் என்ற கனடா மருத்துவர் 2000-இல் எழுதியது இதைத்தான்: பலருக்கு நெருக்கம் முதலில், ஆசை பின்னால். அவர் பணியாற்றிய அதே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லோரி பிராட்டோ, ஆசை குறைந்த பெண்களுக்குக் கவனப் பயிற்சி கற்றுக்கொடுத்துப் பலன் கண்டார். உங்களுக்குத் தடை எது என்று பாருங்கள். பக்கத்து அறையில் மாமியாரா, தூங்காத பிள்ளையா? சாப்பிட்ட பிறகு இருவரும் புங்கமரத் தெருவில் ஒரு சுற்று நடங்கள், வீட்டுக் கணக்கு பேசாமல். வலி இருந்தால் மட்டும் தியானம் செய்து தாங்காதீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

கோரமங்களா: எத்தனை நிமிஷம் நடக்கணும்?

இருபது போதும். கடிகாரம் பார்க்காத இருபது.

பெயர் வேண்டாம்: துரஹள்ளி காட்டுக்குள்ளேயே நெருக்கமாக இருந்தால்?

வேண்டவே வேண்டாம். பொது இடத்தில் ஆபாசச் செயல் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் குற்றம். போனில் படம் பிடிக்க ஆளும் இருப்பான். பயிற்சி வெளியே, நெருக்கம் வீட்டில். மழைச் சத்தம் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அல்சூர்: ஜப்பானும் கனடாவும் எதற்கம்மா? மலை நிலமான குறிஞ்சிக்குப் புணர்தல் என்று, காதலை நிலம் நிலமாகப் பிரித்துப் பாடும் நம் சங்க அகத்திணை அன்றே வகுத்துவிட்டது. மலைக்குப் போனால் கூடல் வரும்.

அந்தப் பாட்டுகள் எனக்கு உயிர், ஐயா. ஆனால் திணை கவிதைக்கு இலக்கணம், சிகிச்சை முறை அல்ல. ஆம்பலும் வாளைமீனும் நிறைந்த மருதத்துக்கு உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய உணர்வு, ஊடல். பச்சைக்கு என்ன குறைச்சல் அங்கே? தலைவன் பரத்தை வீடு போய் வருகிறான், தலைவி கதவைச் சாத்துகிறாள்.

அல்சூர்: மருதம் ஊரும் வயலும். மலை வேறு.

நெய்தலின் கடலும் அலையும் இயற்கைதானே? அங்கே இரங்கல், பிரிவை எண்ணி வருந்துவது. நிலம் எதையும் தானாகக் கொடுத்துவிடாது.

எலக்ட்ரானிக் சிட்டி, பெண்: இரண்டு பேருமே தலைவனையே சொல்கிறீர்கள். அவள் விருப்பத்தை யார் கேட்டது?

நல்ல கேள்வி, இங்கே கொஞ்சம் நிற்கிறேன். காதலர் ரகசியமாகச் சந்திக்கும் பகற்குறியும் இரவுக்குறியும் யார் முடிவு? சந்திக்கும் இடத்தைப் பல பாட்டுகளில் தலைவியின் தோழிதான் சொல்கிறாள். 'இரவில் வராதே, வழியில் ஆபத்து' என்பவளும் அவள், 'மணந்துகொள்' என்று நெருக்குகிறவளும் அவள். எங்கே, எப்போது, வேண்டுமா வேண்டாமா என்று பெண் தரப்பு பேசுகிறது, தலைவன் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஐயா, நம் மரபிலிருந்து எடுத்துக்கொள்வதென்றால் மலையைவிட இதை எடுத்துக்கொள்ளலாம். தொடுவதற்கு முன் கேளுங்கள், 'இன்று வேண்டாம்' என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

அல்சூர்: இதை ஒப்புக்கொள்கிறேன். மலையை விடமாட்டேன்.

விட வேண்டாம். மனைவி வரச் சம்மதித்தால் நந்தி மலைக்குக் கூட்டிப் போங்கள்.

பனசங்கரி: எந்த பார்க் நல்லது?

மேலே இருக்கிறது.

ஹெப்பால்: எத்தனை நாளில் பலன்? கூடவே ஆன்லைனில் மாத்திரை வாங்கலாமா?

பலனுக்கு நாள் குறித்தால் அதுவே இன்னொரு பரீட்சை, முதல் பதிலைப் படியுங்கள். மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

மாரத்தஹள்ளி: எத்தனை நிமிஷம் நடக்கணும்?

இருபது. இனி நிமிஷக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பிரேசர் டவுன், ஆண், 66: எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முழங்கால் வலி. இந்த வயசில் இதெல்லாம் உண்டா அம்மா?

உண்டு ஐயா. உறவை ஒத்திவைத்துத் தொடுவதையே பாடமாக்கும் இந்த முறை உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் பாதிப்பதால் விறைப்பு குறையலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரைகளையும் காட்டுங்கள். நடக்க முடியாவிட்டால் கப்பன் பார்க் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்காருங்கள். இரவில் அசதி என்றால் காலை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள், எந்தப் பக்கம் படுத்தால் வலி இல்லை என்று அவர்களையே கேளுங்கள்.