கடவுள் இருக்கட்டும், முதலில் பந்தியைப் பேசுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கல் அன்னதானத்தில் தெற்குத் தெருக்காரர்களுக்கு, அதாவது பட்டியல் சாதி மக்களுக்கு, கடைசிப் பந்திதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம், யாருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. கோயில் கமிட்டியிலேயே இரண்டு பேர் 'இது தப்பு' என்கிறார்கள். ஆனால் சேர்ந்து உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று சண்டையாகிவிடுகிறது. என்ன செய்வது?
(வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அந்த இரண்டு பேரை விட்டுவிடாதீர்கள் தம்பி. நீங்கள் போய்ப் பேசினால் 'சாமி கும்பிடாதவனுக்குக் கோயில் பந்தியில் என்ன வேலை' என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்கள், அந்த இரண்டு பேரை அப்படி அடைக்க முடியாது. ஆனால் அவர்களுக்குச் சொந்தபந்தம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் கமிட்டிக்காரர்களின் தெருவிலேயே இருக்கிறது, எழுதிக் கொடுத்து தாசில்தார் முன்னால் போய் நிற்கச் சொன்னால் தயங்குவார்கள், அங்கே நீங்கள் வேண்டும்.

1924 மார்ச்சில் கேரளத்து ஆலுவாவில், சாதிக்கு எதிராக நின்ற துறவி நாராயண குரு சர்வமத மாநாடு கூட்டியபோது, வாதிக்கவும் வெல்லவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும்தான் இந்தக் கூட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நீங்களும் அப்படி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கூட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேச்சில்லை, பந்தியைப் பற்றி மட்டும்தான்.

அதே குருவின் சீடர்தான் சகோதரன் அய்யப்பன். 1917இல் கேரளத்துச் செறாயியில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து நடத்தினார். அதற்காக அவருடைய சொந்த ஈழவச் சமூகமே அவரைத் தள்ளிவைத்து, 'புலையன் அய்யப்பன்' என்று கூப்பிட்டது. குரு 'ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்' என்றார், அய்யப்பனோ 'சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம்' என்றார். இதைவிட நேரெதிராக ஒரு சீடன் பேச முடியுமா? குரு அவரை ஒதுக்கவில்லை. மதமும் வேஷமும் மொழியும் எப்படி இருந்தாலும் மனிதரின் சாதி ஒன்றுதான், அதனால் கலந்து மணப்பதிலும் பந்தியில் சேர்ந்து உண்பதிலும் ஒரு தோஷமும் இல்லை என்று 1921இல் தன் கைப்படவே அய்யப்பனுக்கு எழுதிக் கொடுத்தார். தெய்வத்தில் ஒத்துப்போகாத இருவர் பந்தியில் ஒத்துப்போனார்கள், உங்களுக்கும் அது போதும்.

இன்னொன்று, தெற்குத் தெருவிலிருந்து ஆள் இல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இதே மாதிரி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத் திண்ணை, இரண்டு மணி நேரமாக வழக்கம், ஐதீகம், அரசியல் சட்டம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை வாயே திறக்காத ஓர் அக்கா சொன்னார்: "எங்க பந்திக்கு வரும்போது சாம்பார்ல தண்ணி ஊத்தியிருக்கும். எம்புள்ளைக்கு எட்டு வயசு, கோயில்ல பாயாசம் போடுவாங்கன்னே அவனுக்குத் தெரியாது." கமிட்டிப் பெரியவர் ஒருவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார், நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் பேசியதும் அவர்தான். அடுத்த வருஷம் வந்தவர் வந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று குடும்பங்கள் தலைக்கட்டு வரி தரமாட்டோம் என்று ஒதுங்கின, இன்னும் தரவில்லை.

பேச்சு என்றால் புகாரை அமுக்குவது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சமாதானக் கூட்டம் என்ற பேரில் பாதிக்கப்பட்டவர்களையே 'விட்டுக்கொடுங்க' என்று சொல்லி அனுப்பியதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தெற்குத் தெருக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களும் இல்லை, கமிட்டியும் இல்லை.

கேள்வி: நான் தொழுகையை விடாத ஆள். முஸ்லிம் என்று தெரிந்ததும் எனக்கு நான்கு இடத்தில் வீடு தர மறுத்தார்கள். கூடவே அலைந்து வீடு பிடித்துத் தந்தவர்கள் பகுத்தறிவு இயக்க நண்பர்கள். இப்போது எங்கள் பெரியவர்கள் 'அவங்களோட பழகாதே' என்கிறார்கள்.
(வாசகர், சென்னை)

பதில்: பெரியவர்களிடம் கோபப்படாமல், அந்த நண்பர்களை ஒருநாள் வீட்டுக்கே கூப்பிட்டு அவர்களோடு உட்கார வையுங்கள் பாய். இங்கே நீங்களும் ஒன்றைத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது. 2017 மார்ச்சில் கோவையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடவுள் மறுப்பாளர் கொலை செய்யப்பட்டார். மதத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு முதலில் மனச்சான்றுச் சுதந்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு வருகிறது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. உங்களுக்கு வீடு மறுத்தபோது அவர்கள் நின்றார்கள். உங்கள் தெருவில் ஒரு பையன் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொன்னால், அவன் மேல் கை படாமல் நீங்கள் நிற்க வேண்டும்.

கேள்வி: மதத் தலைவர்களைச் சந்திக்கப் போனால் திருநீறு தருகிறார்கள். நாத்திகன் வாங்கலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: குன்றக்குடி மடத்துக்குப் போன பெரியார், திருநீறு தந்தபோது மறுக்காமல் ஏற்றுக்கொண்டதைப் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிள்ளையார் சிலையை உடைத்தவர் அவர், அதே காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையில் மறுத்துப் பேசியவர் அந்தச் சைவ மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார், பின்னாளில் இருவரும் நெருங்கிய நண்பர்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். வேண்டாம் என்றால் கும்பிட்டுச் சொல்லிவிட்டு, எதற்காகப் போனீர்களோ அந்தப் பேச்சை எடுங்கள்.