சிலோசோ கோட்டைப் பீரங்கிகள் தவறான திசையைப் பார்த்தனவா?

கேள்வி: சிங்கப்பூரின் செந்தோசா தீவிலுள்ள சிலோசோ கோட்டையை அண்மையில் பார்த்தேன். பீரங்கிகள் அனைத்தும் கடலை நோக்கி நிறுத்தப்பட்டிருந்ததால், 1942இல் நிலவழியாக வந்த ஜப்பானியர் மீது ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை என்று சிறு வயதில் படித்திருக்கிறேன். அது உண்மைதானா? அந்தக் கோட்டையை எதற்காகக் கட்டினார்கள்?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கிழக்கே செல்லும் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி சிங்கப்பூரில் இன்று கெப்பல் துறைமுகம் எனப்படும் நீர்வழியின் ஓரத்தில் மலைபோல் குவிக்கப்பட்டிருந்தது. பகைவரின் போர்க்கப்பல் ஒன்று நுழைந்து அந்தக் குவியலுக்குத் தீ வைத்துவிட்டால் பிரிட்டனின் கீழைக் கடல்வழியே முடங்கிப்போகும் என்ற அச்சத்தில்தான், அந்நீர்வழியின் மேற்கு வாயிலில், அப்போது பிளாக்காங் மாத்தி என்று அழைக்கப்பட்ட தீவின் சிலோசோ குன்றில், 1870களில் தொடங்கிப் பீரங்கி மேடைகளும் சுரங்க அறைகளும் அமைக்கப்பட்டன. எதிர்க்கரையில் லாப்ரடார் பீரங்கித் தளம் இருந்தது. இடையே புகும் கப்பல் இரு பக்கமும் அடிவாங்க வேண்டும் என்பதே திட்டம்.

அந்தக் காலத்து வெடிமருந்துக் கிடங்குகளின் அமைப்பைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. ஒரு தீப்பொறி பட்டாலும் குன்றே சிதறிவிடும் என்பதால், மருந்து இருக்கும் அறைக்குள் விளக்கு எடுத்துச்செல்ல அனுமதி இல்லை. தனியாக ஓர் இடைகழி அமைத்து, தடித்த கண்ணாடிக்கு அப்பால் விளக்கை வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் வேலை செய்தார்கள். உள்ளே நுழையும் வீரர் தம் வழக்கமான உடையையும் காலணியையும் களைந்து, இரும்பு ஏதும் இல்லாத உடைக்கு மாறவேண்டும். கோட்டை என்றவுடன் நமக்குப் பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால், அதைவிட இந்த இருட்டறைகளே அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இனி, திசை பற்றிய கதை. பீரங்கிகள் கடலைப் பார்த்திருந்தது உண்மை; அவை அதற்கென்றே வைக்கப்பட்டவை. ஆனால் அவற்றில் பல சுழல்மேடைகளின்மீது இருந்தன. 1942 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கி முன்னேறியபோது, சிலோசோவின் 6 அங்குலப் பீரங்கிகள் நிலப்பக்கம் திருப்பப்பட்டு, சிங்கப்பூர்த் தீவின் மேற்குப் பகுதி வழியாக வந்த படைகள்மீது சுட்டன. சிங்கப்பூரின் கிழக்கே சாங்கியிலிருந்த ஜொகூர் பீரங்கித் தளத்தின் 15 அங்குலப் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன. ஆகவே, "ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை" என்பது அந்தப் பீரங்கி வீரர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

குறை வேறிடத்தில் இருந்தது. கையிருப்பில் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்று வெடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அத்தகைய குண்டு ரப்பர்த் தோட்டத்து மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து வெடிக்குமே தவிர, பரவி நிற்கும் காலாட்படைக்குப் பெரிய சேதம் விளைவிக்காது. நிலப்போருக்கு வேண்டிய, விழுந்தவுடன் சிதறும் குண்டுகள் மிகக் குறைவாகவே இருந்தன. மலாயா வழியாக நிலத் தாக்குதல் வரக்கூடும் என்று 1930களின் இறுதியிலேயே அங்கிருந்த படைத்தலைமை எச்சரித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழியைப் பீரங்கியின் வாய் பார்த்த திசைமேல் போடுவது எவ்வளவு வசதியான விளக்கம் என்பது புரியும். கப்பற்படை வந்து காக்கும் என்ற நம்பிக்கையோ, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரு போர்க்கப்பல்களும் 1941 டிசம்பர் 10ஆம் நாள் விமானத் தாக்குதலில் மூழ்கியபோதே தகர்ந்துவிட்டது.

கேள்வி: பிரிட்டிஷார் சரணடைந்த பிறகு அந்தக் கோட்டைக்கு என்ன ஆயிற்று?

பதில்: பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அது போர்க்கைதிகளை அடைத்துவைக்கும் இடமாயிற்று. அடுத்து வந்த நாள்களில் ஜப்பானியர் சீன ஆண்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் சுட்டுக் கொன்றபோது, அந்த உடல்கள் பிளாக்காங் மாத்தியின் கரையில் ஒதுங்கின. அவற்றை எடுத்துப் புதைத்தவர்கள், அத்தீவில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் பீரங்கி வீரர்களே. போருக்குப்பின் மீண்டும் பிரிட்டிஷ் படைகளிடம் வந்த கோட்டை, 1960களின் இறுதியில் அவர்கள் வெளியேறியபின் 1970களில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அதே காலகட்டத்தில்தான், மலாய் மொழியில் சாவைக் குறிக்கும் 'மாத்தி' என்ற சொல்லைத் தாங்கியிருந்த தீவின் பெயரும், அமைதி என்று பொருள்படும் செந்தோசா என மாறியது. சிங்கப்பூர் வீழ்ந்ததன் எண்பதாம் ஆண்டு நிறைவான 2022 பிப்ரவரி 15 அன்று, சிலோசோ கோட்டை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.