பீரோவில் பூட்டிய போன் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் தம்பி பத்தாவது படிக்கிறான். அவன் வகுப்பில் அழுததை யாரோ படமெடுத்து வாட்ஸப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். குரூப்பில் யார் என்ன உளறினாலும் பதிலுக்கு அவன் முகம்தான் வருகிறது. இப்போது இன்ஸ்டாகிராமில் அவன் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு. "ஆம்பளப் பையன், இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. போலீசுக்குப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்தப் போனை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். போன் போய்விடும் என்கிற பயத்தில்தான் பல பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதே இல்லை. போனைப் பூட்டினால் கேலி நிற்குமா? மற்றவர்கள் போனில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், ராத்திரி என்ன ஓடியது என்றே தெரியாமல் இவன் மட்டும் காலையில் வகுப்புக்குள் நுழைய வேண்டும். ஆதாரமும் அந்தப் போனில்தானே இருக்கிறது!

கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள், குரூப்பை விட்டும் உடனே வெளியேற வேண்டாம். யூசர்நேம், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் ரிப்போர்ட் செய்யுங்கள். ஆள்மாறாட்டக் கணக்கு என்று புகார் வந்தால் நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளிலேயே இருக்கிறது. ஸ்டிக்கர் கதை வேறு. அவரவர் சேமித்துக்கொண்டதை யாராலும் பிடுங்க முடியாது, அனுப்பும் கையைத்தான் நிறுத்த வேண்டும், அது பள்ளியால்தான் ஆகும்.

போலீஸ்? ஆன்லைனில் மனம் புண்படப் பேசினாலே வழக்கு என்றிருந்த ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது, ஆகவே வெறும் கேலியை வைத்து வழக்குப் போடுவது சிரமம். எதிரில் இருப்பதும் பதினைந்து வயதுப் பிள்ளைகள், நான் பள்ளியில்தான் தொடங்குவேன். ஆனால் மிரட்டலோ ஆபாசமாக மாற்றிய படமோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ வரை போகும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம்.

சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அவன் மறுத்தால் நீங்கள் பேசுங்கள். சாக வேண்டும் என்பதுபோல ஏதாவது சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

தலைமையாசிரியரைப் பார்க்கத் தம்பியை அழைத்துப் போக வேண்டாம், வகுப்பே ஜன்னலில் நின்று பார்க்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்பா போகட்டும். அதற்காகவாவது அவர் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பார்.