பெயர் காலியாக இருப்பதே உங்கள் பலம்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகிறது. மறைந்த என் அம்மாவின் பெயரை வைப்பதாக, நான் கர்ப்பமாக இருந்தபோது கணவர் வாக்குக் கொடுத்தார். பிறந்த பிறகு மாமியார், ஜோசியர் சொன்ன எழுத்தில் வேறு பெயர் முடிவு செய்து பத்திரிகையே அடித்துவிட்டார். பெயர் சூட்டு விழாவில் என் அப்பாவை எல்லோர் முன்பும் அவமானப்படுத்தினார்கள். நான்கு மாதமாகக் குழந்தையோடு பிறந்த வீட்டில் இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் இல்லை. ஒரு வருடத்துக்குள் கணவர் பதிந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் முந்திக்கொள்ளலாமா? எங்கள் ஊரிலேயே புதிதாகப் பிறப்பைப் பதிந்துவிடலாம் என்கிறார் அண்ணன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியதில் வழக்கறிஞராக எனக்கு வேண்டியது ஒரே வரி. சான்றிதழில் பெயர் இல்லை. பத்திரிகை, வாக்கு, அவமானம் எதுவும் பதிவாளரின் மேசைக்கு வராது. உங்கள் வேதனை உண்மையானதுதான். ஆனால் அதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

முதலில் பயத்தை விடுங்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே இந்த இரண்டு மாதத்தில் எதுவும் கைநழுவிப் போய்விடாது.

முந்திக்கொள்ளலாமா என்றால், சட்டப்படி முடியும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-வது பிரிவு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயரைத் தெரிவிக்கலாம் என்கிறது. இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று அதில் இல்லை. உங்களால் முடிவது கணவராலும் முடியும். இருந்தாலும், முந்தாதீர்கள் என்றே சொல்கிறேன்.

எழுதிய பெயரை எடுப்பது மிகக் கடினம். 15-வது பிரிவில் திருத்தம் உண்டு. ஆனால் அது பிழைக்கும் மோசடிக்கும் முறைகேடான பதிவுக்கும் மட்டும். பெயர் பிடிக்கவில்லை என்பது பிழை ஆகாது. திருத்தினாலும் ஓரத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள்; மூலப் பதிவு அப்படியே இருக்கும். ‘அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பி இறங்காதீர்கள். அரசிதழ் அறிவிப்பு பிறப்புப் பதிவேட்டை அழிக்காது. காலமெல்லாம் இரண்டு காகிதத்தையும் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கும்.

முன்பெல்லாம் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர் என்று ஓட்டிவிடுவார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் கிடைக்காமல் என்னிடம் வந்திருக்கிறார்கள். சண்டை போட்டது பெரியவர்கள், அலைந்தது பிள்ளை. சட்டம் திருத்தப்பட்டதால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு அந்தச் சமாளிப்புக்கும் வழி குறைவு. பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

அண்ணனின் யோசனையை இன்றே கைவிடுங்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஏற்கெனவே பதிந்த பிறப்பை வேறு ஊரில் பதிவது பொய்த் தகவல் கொடுப்பது, அது தண்டனைக்குரியது. ஒரு குழந்தைக்கு இரண்டு பதிவெண் இருப்பது வெளியே வந்தால், நாளை குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் நீங்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது. ரகசியமாகப் பெயர் பதிவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ‘என்னைக் கேட்காமல் தன்னிச்சையாகப் பதிந்தார்’ என்பதே கணவரின் மனுவில் முதல் பத்தியாக இருக்கும். இன்று நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை. பிரிந்து வாழ்ந்த பெற்றோர் ஆளுக்கொரு பெயரில் நின்றார்கள். கடைசியில் நீதிமன்றமே பெயர் வைத்தது. குழந்தை தாயிடம் இருந்ததால் தாய் சொன்ன பெயர், அதோடு தந்தையின் பெயர். அந்த முடிவை வீட்டுத் திண்ணையிலேயே எடுத்திருக்கலாம்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே பெயராக வையுங்கள். அல்லது ஒன்று பதிவேட்டில், மற்றது வீட்டில் கூப்பிட. நம் வீடுகளில் இது புதிதல்ல. நேரில் பேச முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குத் தொடுக்காமலே சமரசத்துக்கு அழைப்பார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். மனுவில் மாமியாரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அதற்குள் கணவர் தன் வீட்டார் முடிவு செய்த பெயரைப் பதிந்துவிட்டால், ஏற்றுக்கொள்ளுங்கள். பெயருக்காக மட்டும் வழக்கு நடத்த வந்தால் அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன்.

பேசி முடிந்ததும் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும், இனிஷியலின் முழு விரிவையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பதிவு அலுவலகத்தில் கணினியில் ஏற்றும்போது அந்தத் தாளை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுச் சான்றிதழை வாங்குங்கள்.