கணையப் புற்றுநோய் ஆய்வகத்துக்குப் போக விரும்பும் மகள்: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

வணக்கம் அம்மா. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் உங்கள் மகள், கணையப் புற்றுநோய் மருந்து ஆய்வுக்கான செல் மாதிரிகளை, அதாவது ஆய்வகத்தில் நோயைப் பிரதிபலிக்கும் செல் தொகுப்புகளை, உருவாக்கும் பணிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோயோடு பழகும் வேலை என்பது உங்கள் முதல் கவலை. வாழ்க்கையில் நிலைபெற நாளாகும் என்பது இரண்டாவது.

முதல் கவலையை விட்டுவிடுங்கள். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. மனிதத் திசுவில் வைரஸ்கள் இருக்கக்கூடும் என்பதால்தான் கையுறையும் பாதுகாப்புப் பெட்டியும் கட்டாயம். அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது கவலை நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் முன், அவள் எதை நோக்கிப் போகிறாள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். பாங்க்-1, மியா பாக்கா-2 என்ற செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்கள்) 1970களில் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகளில், செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கேராஸ் மரபணு மாறியிருக்கும். ஆனால் மாற்றம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. மியா பாக்கா-2இல் இருப்பது ஜி12சி என்ற மாற்றம், பாங்க்-1இல் ஜி12டி என்ற மாற்றம். பிஎக்ஸ்பிசி-3 என்ற வரிசையில் கேராஸ் மாற்றமே இல்லை. ஜி12சியைக் குறிவைக்கும் மருந்தை பாங்க்-1இல் மட்டும் சோதித்தால், நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும். எந்த மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே விடையின் பாதி அடங்கியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாஸ்டிக் தட்டில் மெல்லிய படலமாக வளரும் செல்களை எளிதில் கொல்லும் மருந்து, நோயாளியிடம் தோற்றுப்போகலாம். உண்மையான கட்டியைச் சுற்றி அடர்ந்த நார்த்திசு இருக்கிறது. மருந்து உள்ளே நுழையவே திணறும். அதனால்தான் முப்பரிமாணத்தில் வளரும் ஆர்கனாய்டுகள் என்ற குட்டித் திசு உருண்டைகள் வந்தன. மனிதக் கணையக் கட்டியிலிருந்து அவற்றை வளர்க்கும் முறை 2015இல் வெளியானது. ஆர்கனாய்டுகளோடு நார்த்திசுச் செல்களையும் சேர்த்து வளர்க்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. இந்தக் கொடிய நோய்க்கு நல்ல மாதிரிகள் எவ்வளவு தேவை என்பதை நினைக்கும்போது, உங்கள் மகளின் ஆசை எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

வேலையின் இயல்பையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டக் கரைசல் மாற்ற வேண்டும், விடுமுறையிலும்கூட. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் புகுந்தால் கரைசல் கலங்காது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. முடிவுகள் மட்டும் கெட்டுப்போகும். மாதக்கணக்கான உழைப்பைத் தயங்காமல் தூக்கியெறியும் நேர்மை இல்லாதவருக்கு இந்தத் துறை வேண்டாம் என்று நேராகவே சொல்வேன்.

இனி நிலைபெறுவது பற்றி. முனைவர் பட்டம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் எடுக்கும். சொந்தமாக ஆய்வை வழிநடத்த அது தேவை. ஆனால் முதுகலையோடு நின்றாலும் மருந்து நிறுவனங்கள், பிறருக்காக ஆய்வு செய்துதரும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள், திசு வங்கிகளில் செல் வளர்ப்புத் திறனுக்கு வேலை உண்டு. புள்ளியியலும் ஓரளவு நிரலாக்கமும் சேர்ந்தால் வாய்ப்பு விரியும். ஆகவே முதுகலை முடிந்ததும் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு முனைவர் பட்டத்தைப் பற்றி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

முதுகலைக்குக் கல்லூரியின் பெயரைவிட ஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள். மாணவர்களே செல் வளர்க்கிறார்களா, மைக்கோபிளாஸ்மா சோதனை எப்போதெல்லாம் நடக்கிறது, செல் வரிசைகளின் அடையாளம் டிஎன்ஏ மூலம் சரிபார்க்கப்படுகிறதா என்று சேர்வதற்கு முன்பே அவள் கேட்கட்டும். தெளிவாகப் பதில் சொல்லாத ஆய்வகத்தில் சேர்க்காதீர்கள்.